எழுதுவதற்கு முன்னால் காது

மூன்று வயதுக் குழந்தையோடு வரும் பெற்றோர் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "இன்னும் அ, ஆ எழுதவே வரலையே?" என்பதுதான். நான் பேச்சு, மொழிப் பயிற்சியாளர். பதிலுக்கு நான் கேட்பது வேறு: பாட்டு பிடிக்குமா? கதை சொன்னால் உட்கார்ந்து கேட்குமா? விளையாடும்போது நடந்ததை வந்து சொல்லுமா? படிப்பைப் பற்றிக் கேட்டால் இது என்ன கேள்வி என்று சிலர் முகத்திலேயே தெரியும்.

வாசிக்கும் குழந்தை, எழுத்துக்குரிய ஒலிகளைச் சேர்த்துப் பார்த்து, காதுக்கு ஏற்கெனவே பழகிய ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கிறது. அந்தச் சொல்லே தெரியாவிட்டால் எழுத்துக்கூட்டி முடித்தாலும் ஒன்றும் புரியாது. அதனால் மூன்று, நான்கு வயதில் என் அக்கறையெல்லாம் பேச்சிலும் ஒலியிலும்தான்.

பேச்சைத் துண்டு துண்டாகக் கேட்கத் தெரிவதை ஒலியுணர்வு என்கிறோம். இதற்குப் பென்சில்கூட வேண்டாம். 'பட்-டாம்-பூச்-சி' என்று சொல்லி நான்கு முறை கைதட்டுங்கள். பந்து, பல், பட்டம் மூன்றும் எந்த ஒலியில் தொடங்குகின்றன என்று கேளுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், "மழைநீரில் மழையை எடுத்துட்டா என்ன மிச்சம்?" குளிக்கும்போது, நடக்கும்போது, எப்போது வேண்டுமானாலும் விளையாடலாம். 2008இல் அமெரிக்காவின் தேசிய ஆரம்ப எழுத்தறிவுக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையில், பின்னாளில் வாசிப்பு எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே காட்டும் திறன்களில் ஒலியுணர்வும் எழுத்தறிமுகமும் இடம்பெற்றன. தன் பெயரை எழுதத் தெரிவதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 247 எழுத்து அட்டவணையைக் காட்டி மிரட்டாமல், குழந்தையின் பெயரில் உள்ள எழுத்துகளிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறேன். நம் எழுத்து அவ்வளவு சுலபமும் இல்லை. 'கெ'யில் உயிரொலி பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. குழம்பத்தான் செய்யும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

அப்புறம், புத்தகம். பெரியவர் வாசித்துக்கொண்டே போக, குழந்தை சும்மா கேட்பதைவிட, இருவரும் பேசிக்கொண்டே வாசிப்பதில்தான் பலன் அதிகம். 1988இல் அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இப்படி வாசிக்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் கதை கேட்ட மற்றக் குழந்தைகளைவிட முன்னேறியிருந்தது. "இது என்ன?" என்பதோடு நிறுத்திவிடாமல், "ஏன் அழுகிறது? அடுத்து என்ன செய்யும்?" என்று கேளுங்கள். குழந்தை "நாய் ஓடுது" என்றால், "ஆமா, பயந்துபோய் வேகமா ஓடுது" என்று நீட்டிச் சொல்லுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். பெற்றோருக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தக் காத்திருப்புதான்! இன்னொன்று: கண்ணசைவை அளந்த ஆய்வுகளில், கதை கேட்கும் சிறுவர்கள் படத்தையே பார்க்கிறார்கள், அச்செழுத்தை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை என்று தெரிந்தது. எப்போதாவது விரலால் ஒரு சொல்லைத் தொட்டுக்காட்டினால் போதும். வரிக்கு வரி தொட்டால் கதை செத்துவிடும்.

எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவது ஐந்து, ஆறு வயதில் சகஜம். அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, நான்கு வயதிலும் வெளியாட்களுக்குப் பேச்சு புரியவில்லை என்றால், "வளர்ந்தா சரியாயிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே வாருங்கள்.

முதல் வேலை செவித்திறன் பரிசோதனை. "கூப்பிட்டா திரும்புதே" என்பது பரிசோதனை ஆகாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கும் குழந்தைக்கு உரத்த குரல் கேட்கும், மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். அதுவும் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. பிறந்த குழந்தைக்கே இந்தப் பரிசோதனையைச் செய்ய முடியும், வலியும் இருக்காது.