பித்தளை உறையில் ஒட்டிய தோல்

சுடும்போது கையுறை மாட்டிக்கொள்கிறவன், தோட்டா நிரப்பும்போதும் மாட்டியிருப்பான் என்று சொல்ல முடியாது. கைத்துப்பாக்கியின் மேகஸினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை, நிரப்புவது கொஞ்சம் மல்லுக்கட்டும் வேலை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் நாலைந்து தோட்டா சுலபமாகப் போய்விடும். கடைசி இரண்டுக்குக் கட்டைவிரல் நுனி வெளுக்கிற அளவுக்கு அமுக்க வேண்டும். வியர்வையும் தோல் செல்களும் தோட்டாவின் பித்தளை உறையில் ஒட்டிக்கொள்வது அந்த அமுக்கலில்தான். சுட்டதும் குண்டு பறந்துவிடுகிறது, காலி உறை தெறித்துக் கீழே விழுகிறது. துப்பாக்கியோடு ஓடுகிறவர்கள் உண்டு; உறைகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் குறைவு.

வெறுமனே தொட்ட பொருளிலிருந்தும் ஒருவரின் டிஎன்ஏவை எடுக்கலாம் என்று 1997-ல் நேச்சர் இதழில் எழுதியவர்கள் ஆஸ்திரேலியாவின் வான் ஊர்ஷாட், ஜோன்ஸ் என்ற இருவர். அதற்கு முன் ஆய்வகங்கள் பெரும்பாலும் ரத்தம், எச்சில், விந்து, வேரோடு வந்த முடி என்றுதான் தேடிக்கொண்டிருந்தன. ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏ சுமார் 6 பிகோகிராம். ஆய்வகத்துக்கு 1 நானோகிராம் (ஆயிரம் பிகோகிராம்) கிடைத்தால் வசதி, அதாவது நூற்றைம்பது செல் போலத் தேவை. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பிசிஆர்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 28 சுற்றில் ஒன்று 26 கோடிக்கு மேல் பெருகிவிடும்.

அப்படியிருந்தும் காலி உறை என்றால் ஆய்வகக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். பல உறைகளில் ஒன்றும் தேறாது. நெருப்பில் வெந்துபோயிருக்கும் என்று நமக்குத் தோன்றும். உறைக்குள் வெடிமருந்து எரியும் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும், உண்மைதான். ஆனால் அது சில மில்லி விநாடிதான் நீடிக்கிறது. வெளிப்புறம் அந்த அளவுக்குச் சூடேறுவதற்குள் உறை வெளியே வந்து விழுந்துவிடுகிறது. பெரிய வில்லன் பித்தளை.

செம்புக் குடத்துத் தண்ணீரில் கிருமி அண்டாது என்பார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்தால் களிம்பு ஏறும் என்று ஈயம் பூசுவார்கள். இரண்டுக்கும் காரணம் கரைந்து வரும் செம்பு. தோட்டா உறைப் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு, மீதி துத்தநாகம். வியர்வையின் உப்பும் ஈரமும் பட்டதும் செம்பு அயனிகள் வெளியே வருகின்றன. அவை ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாக்கும் மூர்க்கமான மூலக்கூறுகள் டிஎன்ஏ இழையைத் துண்டு துண்டாக்குகின்றன. கிருமியைக் கொல்லும் அதே குணம், தடயத்தையும் தின்கிறது. தப்பிப் பிழைத்த கொஞ்சத்தைக் குழாயில் போட்டாலும், கூடவே வந்த செம்பு பிசிஆர் நொதியையும் முடக்கிவிடும்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்தால், உறையின் வரிப்பள்ளத்தில் இருக்கும் செல்கள் வருவதில்லை. உறையையே கரைசலில் ஊறப்போட்டால் செல்கள் நன்றாக வரும், செம்பும் நன்றாக வரும். அதனால் கரைசலிலேயே இடிடிஏ போல உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். சில ஆய்வகங்கள் ஊறவைக்காமல், உறையைக் கரைசலால் அலசி, உடனே துடைத்தும் எடுக்கின்றன. எந்த முறையானாலும் உறையைப் படம் எடுத்த பிறகுதான் தொடுவார்கள். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் சுடுமுள் பதித்த அடையாளம் கெட்டுவிட்டால் துப்பாக்கி நிபுணர் சும்மா விடமாட்டார்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது ஸ்டப். அரை அங்குல அலுமினியக் குமிழ், தலையில் கருப்பு கார்பன் ஒட்டுப்பட்டை. சந்தேக நபரின் கையிலோ சட்டையிலோ இதைப் பல முறை ஒற்றி எடுப்பார்கள். மின்னணு நுண்ணோக்கியில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒன்றாக உருண்டு திரண்ட துகள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அது சுட்ட புகையின் மிச்சம். பார்த்து முடித்ததும் ஸ்டப் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் ஒட்டுப்பட்டைக்குப் புகைத்துகள் வேறு, தோல் வேறு என்று தெரியாதே. இரண்டையும்தான் அள்ளி வந்திருக்கிறது. பட்டையின் மேற்பரப்பிலிருந்து செல்களைக் கரைத்து எடுத்தால், நுண்ணோக்கியின் வெற்றிடத்தையும் மின்னணுக் கதிரையும் பார்த்து வந்த பிறகும் டிஎன்ஏ கிடைக்கும் வாய்ப்பு உண்டு. “சட்டையில் புகைத்துகள் இருக்கலாம், ஆனால் சட்டை என்னுடையது இல்லை” என்று ஒருவர் சொன்னால், இரண்டு கேள்விக்கும் அதே ஸ்டப்பில் தேடிப் பார்க்கலாம்.

துப்பாக்கிக் குழலுக்குள்ளும் தேடுகிறார்கள். உடலில் வைத்து அழுத்திச் சுடும்போது ரத்தமும் திசுவும் பின்னோக்கித் தெறித்துக் குழலுக்குள் போய்விடும். ஜெர்மனியின் பான் நகரில் ஷைமா, மடேயா, கூர்ட்ஸ் குழுவினர் ரத்தம், அக்ரிலிக் வண்ணம், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் மூன்றையும் கலந்து ஜெலட்டின் மாதிரிகளில் வைத்துச் சுட்டு, குழலைத் துடைத்துப் பார்த்தார்கள். உறை சுட்டவனைச் சொல்லலாம். குழல் சுடப்பட்டவரைச் சொல்கிறது.

இத்தனை நுணுக்கமாகத் தேடினால் வேண்டாததும் கிடைக்கும். 2007 ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 22 வயதுப் பெண் காவலர் ஒருவர் காரில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் எடுத்த மாதிரியில் ஒரு பெண்ணின் டிஎன்ஏ இருந்தது. அதே பெண் சுமார் நாற்பது குற்ற இடங்களில் இருந்தாள். 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009-ல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ என்று. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமி சாவது வேறு, டிஎன்ஏ போவது வேறு. தடயம் எடுக்கும் பொருட்களுக்கென்று ஐஎஸ்ஓ 18385 என்ற தனித் தரம் 2016-ல் வந்தது.

அந்தப் பெண் காவலரைக் கொன்றது என்எஸ்யு என்ற நவ-நாஜிக் கும்பல் என்பது 2011 நவம்பரில் வெளிப்பட்டது. ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் அவர்கள் தீ வைத்துவிட்டுப் போன வீட்டு இடிபாடுகளில் ஒரு ஜாகிங் பேன்ட் அகப்பட்டது. அந்தக் காவலரின் ரத்தத் துளிகள் நாலரை வருடமாக அதில் உலர்ந்து கிடந்தன. பையில் இருந்த காகிதக் கைக்குட்டையில் கும்பலைச் சேர்ந்த ஒருவனின் டிஎன்ஏ இருந்தது.