தூக்கில் அள்ளி வர முடியாத துகள்கள்

இந்த மாதத்தில் இப்படித் தண்ணீரோடு என்னிடம் வந்தவர்களில் இவர் ஐந்தாவது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எவர்சில்வர் தூக்கில் ஓடைத் தண்ணீரோடு ஊட்டிக்குப் பஸ் ஏறி வந்தார். தண்ணீருக்குள் ஃபிளாஷ் அடித்து எடுத்த ஒரு வீடியோவும் செல்போனில் வைத்திருந்தார். “மேடம், தண்ணி முழுக்க பிளாஸ்டிக்” என்றார். அதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஊரையே சுற்றிவிட்டது. குளிக்கக்கூட லாரித் தண்ணீர் வாங்கினார்களாம்.

மூடுபனியில் ஹைபீம் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா? எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். தண்ணீருக்குள் ஃபிளாஷ் அடித்தாலும் அதேதான். லென்ஸை ஒட்டி மிதக்கும் தூசி ஒளியைத் திருப்பியடித்து, மங்கலான பெரிய உருண்டையாகத் தெரியும். அதை வைத்து அளவும் சொல்ல முடியாது, எண்ணிக்கையும் சொல்ல முடியாது. எத்தனை தடவை சொல்வது!

தண்ணீரில் மிதக்கும் துகளைப் படமெடுத்து எண்ணுவது கடலில் நான் கற்ற வேலை. செத்த பாசி, சின்ன மிதவை உயிர்களின் கழிவு, சளி எல்லாம் ஒட்டிச் செதில் செதிலாக ஆழத்துக்கு இறங்கும். கடல் பனி என்போம். வலையில் பிடித்தால் உதிர்ந்துபோகும். அதனால்தான் துகள் இருக்கும் இடத்துக்கே கேமராவை இறக்குகிறோம். 6,000 மீட்டர் வரை போகும் கருவி உண்டு. பக்கவாட்டில் விளக்கு, ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. அளந்த தண்ணீர் என்பதால்தான் எண்ணுவதற்கே அர்த்தம் வருகிறது. அந்தக் கேமராவும்கூட அளவு, வடிவம், எண்ணிக்கை சொல்லும். பிளாஸ்டிக்கா என்று அடித்துச் சொல்லாது. அதற்கு, என்ன பொருள் என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலை போன்ற சோதனை வேண்டும்.

வளைவுக்கு வளைவு குலுங்கி வந்த அந்தத் தூக்கில், ஓடையில் அப்படிச் செதில் இருந்திருந்தாலும், எதுவும் மிஞ்சவில்லை. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். டயட்டம் என்னும் நுண்பாசி, இலைத் துணுக்கு, செம்மண், அப்புறம் ஒரே ஒரு நீல இழை. அது பருத்தியாகவும் இருக்கலாம்.

சரி, படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஃபிளாஷை அணையுங்கள். டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடியுங்கள். பின்னால் கறுப்புப் பலகை, பக்கத்தில் ஒரு ஸ்கேல். சேற்றைக் கலக்காதீர்கள், கலங்கினால் தெளியும்வரை பொறுங்கள். தண்ணீர் கொண்டுவருவதானால் கண்ணாடி ஜாடியைத் தண்ணீருக்குள்ளேயே விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். காற்று இடைவெளி இல்லாவிட்டால் குலுங்குவது குறையும். மழை பெய்த கையோடு ஓடையில் இறங்கவே வேண்டாம், தயவுசெய்து. குடிக்கிற தண்ணீரை வீடியோ வந்தாலும் வராவிட்டாலும் கொதிக்க வையுங்கள்.

நீல இழையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை வீடியோவை எடுத்துவிடச் சொல்லித் தம்பியிடம் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு குழுவாக அழித்தார்.