லாஃப்ட்: பரணா, அறையா?

நம் ஊரில் லாஃப்ட் என்றதும் நினைவுக்கு வருவது, கதவு உயரத்துக்கு மேல் சுவரிலிருந்து நீட்டிவிட்ட கான்கிரீட் பலகை. பித்தளை அண்டா, கொலுப் பெட்டி, ஓடாத மிக்சி எல்லாம் அங்கேதான். இங்கிலாந்தில் லாஃப்ட் வேறு. சரிவான ஓட்டுக் கூரைக்கும் கீழறைகளின் உட்கூரைக்கும் இடையிலுள்ள முக்கோண வெளி அது. லண்டன்காரர் "லாஃப்டுல பையனுக்கு ரூம் போடுறோம்" என்றால் மதுரை அத்தை திகைக்கத்தான் செய்வார்.

பழைய நார்ஸ் மொழியில் 'லோப்ட்' என்றால் காற்று, வானம், மேலறை. ஜெர்மானியர் காற்றை 'லுஃப்ட்' என்பதும், அது லுஃப்தான்சா விமானத்தின் பெயரில் இருப்பதும் இந்த உறவில்தான்.

தமிழில் பரண் என்ற நல்ல சொல் இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டியதும் பரண். அதைக் குறிஞ்சிப்பாட்டு இதணம் என்கிறது. அடுப்புக்கு மேல் விறகு அடுக்கியதும் பரண்தான். எனவே சாமான் போடும் லாஃப்டுக்குப் பரண் போதும். ஆள் படுத்துத் தூங்கும் லாஃப்டுக்கு? சிலர் மச்சு என்பார்கள். ஆனால் மச்சு வீடு என்றால் நமக்கு மாடி வீடு, அதனால் குழப்பம் வரும். 'கூரையறை' என்பது என் தேர்வு.

பரண் எப்போது கூரையறை ஆகிறது? இங்கிலாந்தில் அதைத் தீர்மானிப்பது கட்டட விதிகள். ஏணி வைத்து ஏறினால் அது பரண்தான். அறையாக்க நிலையான படிக்கட்டு வேண்டும். படிக்கு மேல் தலை இடிக்காமலிருக்க 2 மீட்டர் உயரம் தேவை. கூரை இடம் தராவிட்டால் நடுவில் 1.9 மீட்டர், ஓரத்தில் 1.8 மீட்டர் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். அறைக்குக் குறைந்தபட்ச உயரம் என்று எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை! பழைய உட்கூரைக் கட்டைகள் ஆள் நடமாட்டத்துக்குப் போட்டவை அல்ல. பெரும்பாலும் புதுத் தளக் கட்டைகள் போட வேண்டிவரும். கூரை வழியே வெப்பம் வெளியேறாமலிருக்க வெப்பக்காப்பும் போட வேண்டும்.

கெடுபிடி அதிகம் தீ விஷயத்தில்தான். தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டில் கூரையறையின் தளம் தரையிலிருந்து 4.5 மீட்டரைத் தாண்டிவிடும். ஜன்னல் வழியே குதிக்க முடியாத உயரம். அதனால் மேலிருந்து வாசல்வரை படிக்கட்டையே தீ புகாத பாதையாக்க வேண்டும். கீழறைகளுக்கும் குறைந்தது இருபது நிமிடம் தீயைத் தாங்கும் கதவுகள், தளத்துக்குத் தளம் ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம். (உள்ளாட்சியிடம் வாங்கும் திட்டமிடல் அனுமதி தனிக் கதை. அது தேவைப்படாத வீட்டுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.)

எல்லாம் முடிந்ததும், கட்டட விதிப்படி வேலை நடந்ததா என்று பார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் நிறைவுச் சான்றிதழ் தரும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். சான்றிதழ் இல்லாவிட்டால் விளம்பரத்தில் படுக்கையறை என்று போடாமல் 'லாஃப்ட் ரூம்' என்று பட்டும்படாமலும் எழுதுவார்கள். அதைத் தமிழில் பரண் என்றே சொல்லலாம், தப்பில்லை.