பிராந்தியத் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறீர்களா? முதலில் மேலதிகாரியிடம் பேசுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் பெற்றோர்களுக்கு என் வேலையைப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். "நீங்க புரொபசரா?" இல்லை. "அட்மிஷன் ஆபீஸா?" அதுவும் இல்லை. நான் அகடமிக் அட்வைசர், அதாவது கல்வி ஆலோசகர். பட்டத்துக்குத் தேவையான 120 கிரெடிட்டை எந்த வரிசையில் எடுப்பது, கால்குலஸில் தோற்றால் அதை நம்பி நிற்கும் அடுத்த பாடங்கள் என்ன ஆகும், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.0க்குக் கீழே இறங்கி ப்ரொபேஷனில், அதாவது எச்சரிக்கைப் பட்டியலில், விழுந்தவர் எப்படி எழுந்து வருவது என்றெல்லாம் மாணவரோடு உட்கார்ந்து பேசித் தீர்ப்பது எங்கள் வேலை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் ஆசிரியரே ஃபேகல்டி அட்வைசராகவும் இருப்பார். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் இதற்கென்றே முழுநேர ஊழியர்கள் உண்டு. ஒரு முழுநேர ஆலோசகருக்கு இடைநிலை அளவாக 296 மாணவர்கள் என்று எங்கள் தொழில் சங்கம் 2011இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. எனக்குத் தெரிந்த பல அலுவலகங்களில் அதைவிட அதிகம்.

தலைப்பில் சொன்ன பதவி அந்தச் சங்கத்தில்தான். அதன் பெயர் நகாடா (NACADA). 1977இல் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் நடந்த மாநாட்டில் கருவாகி, 1979இல் முறைப்படி அமைப்பானது. தலைமையகம் மன்ஹாட்டனில். நியூயார்க் மன்ஹாட்டன் என்று நினைத்துவிடாதீர்கள். இது கேன்சஸ் மாநிலத்தின் சின்ன ஊர், கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் இடம். சங்கத்தில் பத்துப் பிராந்தியங்கள். நான் ஏழாவதில்: டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூசியானா, மிசூரி, கேன்சஸ். ஒன்பதாவதில் கலிஃபோர்னியா, நெவாடா, ஹவாய் மூன்று மட்டும். ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர் உண்டு. பதவிக்காலம் இரண்டு ஆண்டு. சம்பளம் கிடையாது.

வேட்புமனு காலம் நெருங்கும்போது, நம் நாட்டிலிருந்து வந்து இந்தத் தொழிலில் இருக்கும் இளையவர்கள் சிலர் என்னிடம் பேசுவார்கள். கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான். என் உச்சரிப்பு ஒரு தடையாகுமா? மேடையில் பேசத் தெரியவேண்டுமா? முனைவர் பட்டம் இல்லாமல் நிற்கலாமா? மேலதிகாரி ஒப்புக்கொள்வாரா, அலுவலகம் நேரம் தருமா, பயணச் செலவை யார் ஏற்பது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என் அனுபவத்தில் இந்தப் பதவியில் தடுமாறியவர்கள் யாரும் பேச்சில் தடுமாறியவர்கள் இல்லை. நேரமும் ஆதரவும் இல்லாமல் தடுமாறியவர்கள்தான்.

பதவியில் என்ன செய்வார்கள் என்பதைச் சொன்னால் இது புரியும். மாநில வாரியான தொடர்பாளர்களையும் பிற பொறுப்பாளர்களையும் கொண்ட வழிகாட்டுக் குழுவை நடத்தவேண்டும். விருதுகள், பயண உதவித்தொகைகளுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கவேண்டும். தலைமையகத்துக்கும் உறுப்பினர்களுக்கும் நடுவே ஓயாமல் மின்னஞ்சல் போக்குவரத்து. எல்லாவற்றுக்கும் மேலே வசந்தகாலப் பிராந்திய மாநாடு. மாநாட்டுக்குத் தனித் தலைவர் இருப்பார். ஆனாலும் கணக்கு கடைசியில் பிராந்தியத் தலைவரின் மேசைக்குத்தான் வரும்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அமெரிக்க ஹோட்டல்களில் மாநாட்டுக் காபியைக் கப் கணக்கில் விற்பதில்லை, கேலன் கணக்கில் விற்கிறார்கள். அந்த விலைக்கு மேல் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் வரி. ஒரு கேலனில் சிறு கப்பாக ஊற்றினால் பதினாறு தேறும். காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை காபி வைத்தால் போதுமா, நாள் முழுக்க வைப்பதா என்ற ஒரே கேள்விக்கு ஒரு குழு அரைமணி நேரம் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். (நம் ஊர் ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த எனக்கு, அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு விலையா என்று வயிறு எரியும். அது வேறு கதை.) காபியைவிட ஆபத்தானது அறை ஒப்பந்தம். இத்தனை அறைகள் நிரம்பும் என்று ஹோட்டலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் காலி அறைகளுக்கும் பணம் கட்டவேண்டி வரும். உறுப்பினர்கள் பக்கத்துத் தெருவில் மலிவான விடுதியைப் பிடித்துக்கொண்டால் அது இங்கே நஷ்டமாக விழும். தலைமை என்றதும் மேடையும் மைக்கும் நினைவுக்கு வருகிறவர்கள் ஒரு முறையாவது இந்த வரவு செலவு விரிதாளைத் திறந்து பார்க்கவேண்டும்.

சரி, அங்கே போய்ச் சேரும் வழி என்ன? எனக்குத் தெரிந்த நல்ல வழி, மாநாட்டுக்கு வரும் கட்டுரை முன்மொழிவுகளைப் படிக்கும் வாசகர் வேலை. தன்னார்வலர் வேண்டும் என்று அழைப்பு வரும்போது பெயர் கொடுத்தால் போதும், கையில் ஒரு கட்டு வந்துவிடும். "ப்ரொபேஷன் மாணவர்களுக்கு அனுப்பும் முதல் கடிதத்தை மாற்றி எழுதினோம்" என்று ஒரு முன்மொழிவு வருகிறது என்று வையுங்கள். பலர் "நல்ல தலைப்பு" என்று எழுதி மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள். கவனமாகப் படிப்பவர் இப்படி எழுதுவார்: "பழைய கடிதத்தையும் புதிய கடிதத்தையும் அருகருகே காட்டுவீர்களா? கடிதம் மாறிய பிறகு சந்திப்புக்கு வந்தவர்கள் கூடினார்களா? அதைச் சொல்லாவிட்டால் கேட்பவர்கள் ஊருக்கு எதை எடுத்துப்போவார்கள்?" இப்படி எழுதி, கெடு முடிவதற்குள் அனுப்புகிறவரின் பெயர் குழுவுக்கு மனப்பாடமாகிவிடும். அப்புறம் அடுத்த ஆண்டு விருதுக் குழு, அதற்கடுத்து மாநிலத் தொடர்பாளர். தேர்தல் வரும்போது வாக்காளர்களில் ஒரு பகுதியினருக்கு நீங்கள் ஏற்கெனவே பழக்கமானவர். தலைமைப் பொறுப்புகளில் குறைவாக இருக்கும் பின்னணிகளிலிருந்து வருவோரை மூத்தவர்களோடு இணைத்துவிட எமர்ஜிங் லீடர்ஸ் என்ற திட்டத்தையும் நகாடா தொடங்கியது. அது நல்ல வாசல்தான். ஆனால் அதில் இடம் கிடைத்த பிறகுதான் வேலை செய்வேன் என்று காத்திருக்கத் தேவையில்லை.

காத்திருப்பது நம்மவர்களுக்குப் பழகிய நோய். போன இலையுதிர்காலத்தில் வேறொரு கல்லூரியில் இருக்கும் ஒரு பெண் போனில் சொன்னாள்: "அக்கா, யாராவது என் பேரைச் சொன்னா நிக்கலாம்னு இருக்கேன்."

"யாரு சொல்லணும்?"

"தெரியலைக்கா. பெரியவங்க யாராவது..."

"உன் பேரை நீயே குடுக்கலாம்மா. அது தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தன் பெயரைத் தானே முன்மொழிவதைத் தற்பெருமை என்று நினைக்கும்படிதான் நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இங்கே அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எனக்கும் அது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். வேட்புமனுப் படிவத்தைத் திறப்பதற்கு முன் மேலதிகாரியோடு ஒரு சந்திப்பு கேளுங்கள். "நிற்கலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமாக, வாழ்த்துகள்" என்று சிரித்தபடி சொல்லிவிடுவார். அந்த வாழ்த்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நாள்காட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். பிராந்திய மாநாடுகள் பிப்ரவரி முதல் மே வரைக்குள் வரும், அப்போதுதான் அடுத்த பருவத்துக்கான பதிவு நடக்கும், நம் வாசலில் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆண்டு மாநாடு அக்டோபர் வாக்கில், அதுவும் வசந்தகாலப் பதிவின் வாசல்படி. அந்த வாரங்களில் உங்கள் மாணவர்களை யார் பார்ப்பார்? மாதக் கூட்டங்களை அலுவல் நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா? பயணச் செலவில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, இரண்டாவது ஆண்டும் அது உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே மேலதிகாரிகள் அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வருபவருக்குப் பழையவரின் வாய்வார்த்தை எப்படித் தெரியும்?

அரசு நிதியில் இயங்கும் கல்லூரியானால் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஏபி 1887 என்ற சட்டம் 2017 முதல் சில மாநிலங்களுக்கு அரசுப் பணத்தில் பயணம் செய்வதைத் தடுத்தது. 2019 ஆண்டு மாநாடு கென்டக்கியின் லூயிவில்லில் நடந்தபோது கென்டக்கி அந்தப் பட்டியலில் இருந்தது. 2023இல்தான் சட்டம் விலக்கப்பட்டது. எங்கள் டெக்சஸில் எஸ்பி 17 என்ற சட்டம் 2024 ஜனவரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் பல்வேறு பின்னணியினரை அரவணைப்பதற்கான பன்மைத்துவ அலுவலகங்களை மூடவைத்தது. ஆறு மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரு அறிவிப்பு எழுதும் தலைவர், ஒரு மாநிலத்தில் சாதாரணமாகப் புழங்கும் சொல் இன்னொரு மாநில உறுப்பினரை அவர் அலுவலகத்தில் சங்கடப்படுத்துமா என்று யோசித்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

வேட்பாளர் அறிக்கை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "ஆர்வமும் அர்ப்பணிப்பும் கொண்ட தலைவர் நான்" என்பதை அடித்துவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எல் பாசோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் ஆயிரம் மைலுக்கு மேல், இரண்டும் எங்கள் ஒரே பிராந்தியம். ஒற்றை ஆலோசகரை வைத்து ஓடும் சமூகக் கல்லூரியிலிருந்து (இரண்டாண்டுப் படிப்புத் தரும் உள்ளூர்க் கல்லூரி) ஒருவர் அவ்வளவு தூரம் மாநாட்டுக்கு வருவது எப்படி? இதற்கு உங்களிடம் நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனை ஒன்று இருந்தால் அதை முதல் வரியிலேயே வையுங்கள். பிரசாரத்துக்கு என்ன அனுமதி, என்ன கூடாது என்ற விதிகளையும் படித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஊர்க்காரர்களிடம் ஓட்டுக் கேட்பது அப்புறம்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. பதவி தன்னார்வப் பணிதான் என்றாலும், மதிப்பூதியம் போல எதையாவது யாராவது நீட்டினால், வாங்குவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் குடிவரவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

தோற்றுவிட்டால்? வென்றவருக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவருக்கு உடனடியாகக் குழுவில் ஆள் தேவைப்படும், விருதுக் குழுவுக்கும் முன்மொழிவு வாசிப்புக்கும் யாரும் எளிதில் சிக்கமாட்டார்கள். நான் சொன்ன அந்தப் பெண் இந்த முறை நிற்கவில்லை. மேலதிகாரியோடு பேசியதில் இந்த ஆண்டு அலுவலகத்தில் இரண்டு இடம் காலி, பயணத்துக்குப் பணமில்லை என்று தெரிந்தது. இப்போது முன்மொழிவு வாசகராகச் சேர்ந்திருக்கிறாள். முதல் கட்டு வந்துவிட்டதாம், அடுத்த வாரம் கெடு.