துப்பறிவாளரின் வீடு ஏன் எப்போதும் உடைந்தே இருக்கிறது?

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். வேலை நேரம் ஒழுங்காக இல்லாதவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். காவல்துறையினர், குற்றவியல் வழக்கறிஞர்கள், அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், தடயவியல் ஆய்வகங்களில் பணிபுரிகிறவர்கள். இவர்கள் பேச்சில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும்: "இந்த வேலையை உண்மையாகச் செய்கிறவனுக்குக் குடும்பம் அமையாது, மேடம்." எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், மணமுறிவு பெற்ற சக ஊழியர் ஒருவரைக் காட்டுவார்கள். கூடவே ஏதாவதொரு துப்பறியும் தொடரின் நாயகனும் வருவான். சில சமயம் நாயகன்தான் முதலில் வருகிறான்.

அந்தத் தொடர்களை நானும் விரும்பிப் பார்க்கிறேன். யாரையும் பார்க்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அவற்றில் காதல் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்கும், வீடு இடிந்து விழுவதற்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது தயாரிப்பு அட்டவணை. அதை மனித இயல்பு பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் கவலையாக இருக்கிறது.

கணக்கு எளிமையானது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போக 42 நிமிடம் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பழைய முறையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 பகுதிகள். கொலை அந்த 42 நிமிடத்துக்குள் நடந்து, குற்றவாளி அகப்பட்டு, கோப்பு மூடப்பட வேண்டும். துப்பறிவாளர் மட்டும் அடுத்த வாரமும் வர வேண்டும். ஆகவே வழக்கு முடிந்தே தீர வேண்டும், காதல் முடியவே கூடாது. நிம்மதியாக இருக்கும் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்வார்? காட்சிக்கு மோதல் தேவை. அதனால் கணவனோ மனைவியோ முக்கியமான தடயம் கிடைக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, "மறுபடியும் மறந்துவிட்டாயா?" என்று கேட்கிற ஆளாகச் சுருங்கிவிடுகிறார்.

இந்தச் சிக்கலுக்கு ஆளுக்கொரு வழி கண்டிருக்கிறார்கள். 1990இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' வீட்டுக் கதவையே சாத்திவிட்டது. முதல் பாதியில் காவல்துறை, இரண்டாம் பாதியில் அரசு வழக்கறிஞர்கள். சொந்த வாழ்க்கை போகிற போக்கில் உதிரும் ஓரிரு வாக்கியங்களில் மட்டும். 'கொலம்போ'வில் துப்பறிவாளர் வாய் ஓயாமல் தன் மனைவியைப் பற்றிப் பேசுகிறார், அந்த அம்மாவை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தத் தம்பதியைப் பிடிக்கும். திரையில் தோன்றாத காரணத்தாலேயே உருப்படியாக வாழ்ந்த தம்பதி அவர்கள்.

1981இல் வந்த 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' வேறு வழியில் போனது. பல கதைகள் பின்னிப் பின்னி வாரங்களைத் தாண்டி ஓடின. ரசிகர்கள் குழம்புகிறார்கள் என்று நினைத்த தொலைக்காட்சி நிறுவனம், முதல் பருவத்துக்கு (சீசனுக்கு) பிறகு, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கதையாவது முடிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதில் காவல் நிலையத் தலைவர் ஃபுரில்லோவும், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஜாய்ஸ் டேவன்போர்ட்டும் பகலில் நேருக்கு நேர் மோதிக்கொள்வார்கள். இரவில் அவர்கள் காதலர்கள் என்பது முதல் பகுதியின் கடைசியில்தான் தெரியும். பின்னால் மணமும் செய்துகொள்கிறார்கள். பல பகுதிகள் அந்த இருவரின் இரவு உரையாடலோடு முடியும். பேச்சு சில நிமிடம்தான். அன்றைய நாள் முழுக்க எதிரெதிர் மேசையில் இருந்த இருவர் அந்த நாளை ஒன்றாக இறக்கி வைக்கிறார்கள். குற்றத் தொடர்களில் நான் பார்த்தவற்றுள் தொழில்முறையாக எனக்கு மிகவும் நம்பும்படியாக இருந்த காட்சிகள் இவை. பின்னால் வந்த தொடர்கள் பலகதைப் பின்னலை எடுத்துக்கொண்டன, இந்த இரவுப் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது 'மூன்லைட்டிங்' விட்டுச்சென்ற பயத்தை.

1985 முதல் 1989 வரை ஓடிய தொடர் அது. துப்பறியும் நிறுவனம் நடத்தும் மேடியும் டேவிடும் சண்டை போட்டே காதலிப்பார்கள். 1987 மார்ச்சில் ஒன்றுசேர்ந்தார்கள். அதன்பின் தொடர் சரிந்தது. "சேர்த்துவைத்தார்கள், கெட்டது" என்ற முடிவு தொலைக்காட்சி உலகில் ஏறக்குறைய சட்டமாகிவிட்டது. உண்மையில் நடந்ததைப் பாருங்கள். நடிகை சிபில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். புரூஸ் வில்லிஸ் 'டை ஹார்ட்' படப்பிடிப்புக்குப் போய்விட்டார். சேர்ந்த காதலர்களை ஒரே அறையில் காட்டக்கூட முடியாமல் நான்காம் பருவத்தின் பெரும்பகுதி கழிந்தது. போதாததற்கு 1988இல் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. மேடியும் டேவிடும் ஒன்றாக வாழ்ந்து பார்த்து அலுத்ததால் தொடர் சாயவில்லை. அவர்கள் ஒன்றாக வாழ்வதை யாரும் எழுதிக் காட்டவே இல்லை.

எதிர்ச்சான்றும் உண்டு. 2005இல் தொடங்கிய 'போன்ஸ்' தொடரில் எலும்பு ஆய்வாளர் பிரென்னனும் எஃப்.பி.ஐ. அதிகாரி பூத்தும் ஆறாம் பருவத்தின் முடிவில், 2011இல், சேர்ந்தார்கள். அங்கேயும் நடிகை கருவுற்றதுதான் கதையின் போக்கைத் தீர்மானித்தது. ஆனால் எழுத்தாளர்கள் கர்ப்பத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். குழந்தை, வீடு, பணத்தகராறு, நம்பிக்கைத் தகராறு எல்லாம் வைத்துக்கொண்டு தொடர் இன்னும் ஆறு பருவம் ஓடி 2017இல் முடிந்தது.

இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அந்தப் பயம் திரையோடு நிற்கவில்லை என்பதே. "ஆரம்பத்தில் இருந்த அந்தத் துடிப்பு இப்போது இல்லை, அப்படியென்றால் காதல் போய்விட்டதுதானே?" என்று கேட்கும் இளையவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். விசாரித்தால், வீட்டில் பெரிய குறை எதுவும் இருக்காது. சண்டை குறைந்திருக்கும், பேச்சு நிதானமாகியிருக்கும். அந்த நிதானத்தைத்தான் நோய் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். துடிப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றே பொறாமையைத் தூண்டிப் பார்த்தவர்களும் உண்டு.

இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. 'காசில்' தொடரின் எட்டாம் பருவம் 2015இல் தொடங்கியபோது, மணமாகி மகிழ்ச்சியாக இருந்த தம்பதியை எழுத்தாளர்கள் பிரித்தார்கள். அபாயமான விசாரணை ஒன்றிலிருந்து கணவனைக் காப்பாற்றுவதற்காகக் காரணம் சொல்லாமலேயே மனைவி விலகிப்போகிறாள். திரையில் இது தியாகம். என் அறையில் இதே செயல் ஒரு முறைப்பாடாக வந்து உட்காருகிறது: "என்னிடம் எதையுமே சொல்வதில்லை." விசாரணைப் பணியில் இருக்கும் பலர் அச்சுறுத்தல், இடைநீக்கம், துறை விசாரணை என எதையும் வீட்டில் சொல்லமாட்டார்கள். அவளுக்கு எதற்குப் பாரம் என்பார்கள். பாரம் எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது. பெயர் தெரியாமல் வருவதால், துணை அதற்குத் தானே ஒரு பெயர் வைக்கிறார்: வேறு யாரோ இருக்கிறார்கள். காப்பாற்றுவதற்காக மறைத்தேன் என்ற விளக்கம் எந்த வீட்டிலும் எடுபட்டு நான் பார்த்ததில்லை.

வேலைக்கூட்டாளியே உண்மையான ஆத்மத் துணை என்று காட்டுவதும் ஒரு பழக்கம். 1999இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ.' தொடரில் துப்பறிவாளர் ஸ்டேப்ளருக்கு மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உண்டு. ஆனால் ரசிகர்களின் கண் முழுவதும் அவரும் கூட்டாளியான துப்பறிவாளர் பென்சனும் காரில் உட்கார்ந்து பேசுவதில்தான். 2011இல் விலகிய ஸ்டேப்ளர் 2021இல் திரும்பி வந்தபோது, மனைவி கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். கதைக்கு வழி விடுவதற்காக ஒரு பெண்ணை இப்படி அப்புறப்படுத்துவது எழுத்தாளருக்கு வசதி. நிஜத்தில் அந்தக் காரில் நடக்கும் பேச்சைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். ஒரே பிணத்தைப் பார்த்த இருவருக்குள் நெருக்கம் வருவது இயல்பு, நல்லதும்கூட. வீட்டில் சொல்ல வேண்டியது அனைத்தும் அங்கேயே சொல்லித் தீர்ந்துவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சேர்வது களைப்பு மட்டுமே.

டென்மார்க்கின் 'தி கில்லிங்' (2007) இந்த விஷயத்தில் நேர்மையானது. துப்பறிவாளர் சாரா லுண்ட் காதலனோடு சுவீடனில் குடியேற வேண்டியவள். ஒரு நாளுக்கு ஒரு பகுதியாக இருபது நாள் விசாரணை நீள்கிறது, அவள் போய்ச் சேரவே இல்லை. அவளை யாரும் தடுக்கவில்லை என்பதைத் தொடர் ஒளிக்காமல் காட்டுகிறது. விமானத்தை விடுவதும் மகனை விட்டுப்போவதும் அவளே எடுக்கும் முடிவுகள். மேதைமைக்குக் கொடுத்த விலை என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், தொடர் அப்படிச் சொல்லவில்லை.

அந்த விலை கட்டாயமும் இல்லை. மெக்காய், ஆமோட் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. மணமுறிவோ பிரிவோ கண்டவர்கள் எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் 16.96 சதவீதம். சட்டம் ஒழுங்குப் பணியில் இருப்பவர்களிடையே 14.47. ஒரு நாட்டின் ஒரு கணக்கெடுப்புதான்; ஆனாலும், காவலருக்குக் குடும்பம் நிலைக்காது என்பதை விதியாகச் சொல்கிறவர்களிடம் நான் இந்த எண்களைக் காட்டுவதுண்டு. சிலர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள். சிலருக்குக் கோபம் வரும். வேலையைக் காரணம் காட்டும் வசதி போய்விடுகிறதல்லவா?

உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைத் தன் ஆய்வுக்கூடத்தில் கவனித்து, ஆறு ஆண்டுக்குப் பிறகு மறுபடி விசாரித்தார். ஒருவர் சின்னதாக ஏதாவது சொல்லி மற்றவரின் கவனத்தைக் கேட்கும்போது திரும்பிப் பதில் சொன்னது, சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் 86 சதவீதம், பிரிந்தவர்களிடம் 33. "அந்தப் பறவையைப் பார்" போன்ற அற்ப விஷயங்கள்தான் அவை. ஃபுரில்லோவின் இரவுப் பேச்சு நம்பும்படி இருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் வழக்கின் விவரத்தை வீட்டில் பேசக்கூடாதே என்பார்கள். சரிதான், பேசக்கூடாது. யார், எங்கே, எப்படி என்பது ரகசியம். அந்த நாள் உங்களை என்ன செய்தது என்பது ரகசியம் இல்லை. "இன்று ஒரு குழந்தை சம்பந்தப்பட்ட வேலை, அரை மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வருகிறேன்" என்பதில் எந்த வழக்கும் வெளியே போவதில்லை. நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது முக்கியம். சொல்லாமல் அறைக்குள் போனால் அது தண்டனையாகத் தெரியும். அரை மணி என்று சொன்னால் அரை மணியில் வெளியே வரவும் வேண்டும்.

கடைசியாக அந்த விஸ்கிக் கோப்பை. திரையில் அது துப்பறிவாளரின் ஆழத்துக்கு அடையாளமாக மேசையில் இருக்கும். கொடூரமான சம்பவங்களைத் திரும்பத் திரும்பக் கையாள்கிறவர்களிடம் தூக்கத்துக்காகக் குடிப்பது, கெட்ட கனவு கண்டு விழித்தெழுவது, பிள்ளைகள் மேல்கூட உணர்வு மரத்துப்போவது, சின்னச் சத்தத்துக்கு அதிர்வது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குச் சிகிச்சை தேவைப்படலாம். பலன் தரும் சிகிச்சைகளும் இருக்கின்றன. மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது துணையையும் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை இரவு நீங்கள் தூங்கவில்லை என்பதற்கு உங்களைவிடச் சரியான கணக்கு அவரிடம் இருக்கும்.