நாள் முழுக்க உழைத்த உடலுக்கு உடற்பயிற்சி எதற்கு?

மருத்துவமனை வார்டு ஒன்றில் உதவியாளராகப் பணிபுரியும் 46 வயதுப் பெண் ஒருவர், இரு குதிகால்களிலும் வலி என்று என் சிகிச்சை அறைக்கு வந்திருந்தார். கைப்பேசியில் பதிவாகியிருந்த நடைக் கணக்கைக் காட்டினார். வேலை நாள்களில் அது 14,000 அடிகளுக்குக் குறையவில்லை. சுவரை விரல் நுனியால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழு உயரத்துக்கு உயர்த்தி இறக்கச் சொன்னேன். கெண்டைக்கால் தசையின் வலுவை அறிய இயன்முறை மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் எளிய சோதனை இது. நல்ல நிலையில் உள்ள கால் இருபது, இருபத்தைந்து முறை தாங்கும். வலது காலில் ஏழாவது முறை குதிகால் பாதி உயரத்திலேயே நின்றுவிட, முழங்கால் மடங்கத் தொடங்கியது. இடது காலில் ஐந்துதான். அன்றாடம் செய்ய வேண்டிய பயிற்சிகளை நான் தாளில் எழுதத் தொடங்கியபோது அவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "நாள் முழுக்க நடக்கிறேன், குனிகிறேன், தூக்குகிறேன். வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருப்பதில்லை. இதற்கு மேல் உடற்பயிற்சி செய்ய நான் எங்கே போவேன், டாக்டர்?"

உடலுழைப்பு மிகுந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதே கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் கேட்கிறார்கள். கிடங்கில் பெட்டி அடுக்குபவர், கட்டட வேலை செய்பவர், வீடு வீடாகப் பொருள் கொண்டு சேர்ப்பவர், கைக்குழந்தையையும் படுக்கையில் உள்ள முதியவரையும் ஒருசேரக் கவனித்துக்கொள்பவர் என யாராக இருந்தாலும் களைப்பு உண்மையானது, கேள்வியும் நியாயமானது. "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று அவர்களிடம் சொல்வது எனக்கு அநாகரிகமாகப் படுகிறது. கேள்விக்கு உடலியங்கியலில் ஒரு நல்ல பதில் இருக்கும்போது அறிவுரை எதற்கு?

உழைப்பே உடலைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1953-இல் ஜெரெமி மோரிஸும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து, நாள் முழுக்க இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நாள நோய் குறைவு என்று காட்டினார்கள். உடற்பயிற்சி பற்றிய இன்றைய அறிவியலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பின்னாளில் டென்மார்க்கில் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மானும் அவருடைய குழுவினரும் வேறொரு சித்திரத்தைக் கண்டார்கள். கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோயும் அகால மரணமும் குறைந்திருந்தன. வேலையிலேயே மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கோ அவை கூடியிருந்தன. இதை 'உடலியக்க முரண்' என்கிறார்கள். கடின வேலை செய்வோரின் வருமானம், புகைப்பழக்கம், மருத்துவ வசதி போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அவற்றின் செல்வாக்கை முற்றிலும் பிரித்தெடுக்க முடியாது என்ற விவாதம் இன்னும் நடக்கிறது, அது சரியான விவாதமே. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தம் வேலையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. எனக்கு இந்த ஆய்வில் பயன்படுவது, வேலையும் பயிற்சியும் உடலுக்குள் ஏன் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம்.

பயிற்சி என்பது சிறிது நேரம் உடலை அதன் வழக்கமான எல்லைக்கு மேல் இழுத்து, பிறகு மீள விடுவது. தசையும் இதயமும் வலுப்பெறுவது அந்த மீட்சியின்போதுதான். வேலையில் நடப்பது ஏறக்குறைய இதற்கு நேரெதிர். இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு அது தீவிரமாக இருப்பதில்லை, ஆனால் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஓயாமல் நீள்கிறது. நின்றபடியே செய்யும் வேலையும் பாரம் தூக்கும் வேலையும் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் நீண்ட நேரம் உயர்த்தியே வைத்திருக்கின்றன. களைத்ததும் நிறுத்தும் உரிமை தொழிலாளியிடம் இல்லை. அடுத்த ஷிப்ட் தொடங்குவதற்குள் உடல் முழுமையாக மீள்வதும் இல்லை. என்னிடம் வந்த அந்தப் பெண்ணின் ஒவ்வொரு கெண்டைக்காலும் ஒரு நாளில் ஏறக்குறைய 7,000 முறை சிறிதாகச் சுருங்கியது. ஒருமுறைகூட அது தன் முழு நீளத்துக்கு, முழுப் பளுவோடு வேலை செய்யவில்லை.

பலருக்கும் புரியாமல் இருக்கும் கணக்கு ஒன்று இங்கே உண்டு. வேலையை உடலுக்கு ஏற்ப அமைப்பது பற்றிய பணிச்சூழலியலில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் ஓர் அளவுகோலின்படி, எட்டு மணி நேர உடலுழைப்பு ஒருவருடைய உச்ச ஆக்ஸிஜன் திறனில், அதாவது முழு முயற்சியில் உடல் நிமிடத்துக்குப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவில், சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒருவருடைய உச்சத் திறன் உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டர் என்றும், அவருடைய வேலைக்கு 12 மில்லிலிட்டர் தேவைப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவர் நாள் முழுக்கத் தன் திறனில் 40 விழுக்காட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார். சில மாதப் பயிற்சியில் அந்த உச்சம் 36-க்கு உயர்ந்தால், அதே வேலை, அதே 12 மில்லிலிட்டர், 33 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. தசை வலுவுக்கும் இதே கணக்குத்தான். அதிகபட்சம் 40 கிலோ தூக்கக்கூடியவருக்கு 20 கிலோப் பெட்டி பாதிச் சுமை. 60 கிலோ தூக்கக்கூடியவருக்கு அதே பெட்டி மூன்றில் ஒரு பங்குச் சுமை. வேலை குறையவில்லை, சம்பளமும் மாறவில்லை, ஆனால் மாலையில் வீடு திரும்பும் உடல் வேறு. பயிற்சிக்கான தெம்பை எங்கே தேடுவது என்று கேட்பவர்களிடம், பயிற்சியே அந்தத் தெம்பை உண்டாக்கும் இடம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனாலும் முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு அந்தத் தெம்பு கையில் இருக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆகவே, தாளில் பயிற்சியை எழுதும் முன், களைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று விசாரிப்பது என் வழக்கம்.

காலையில் எழும்போதே அசதி இருக்கிறதா, மாலையில் மட்டுமா? எழும்போதே இருந்தால் நான் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன்: எத்தனை மணி நேரம், உரத்த குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று. ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்குபவரிடம் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது கடன் வாங்கிக் கடன் அடைப்பதைப் போன்றது. அவருக்கு முதல் மருந்து தூக்கம். ஓய்வெடுத்தும் தீராத களைப்பு பல வாரங்களாகத் தொடர்ந்தால், படி ஏறும்போது படபடப்பும் மூச்சிரைப்பும் இருந்தால், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் அது இரத்தசோகை. தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவையும் இதே முகத்தோடு வரும். இவற்றைப் பயிற்சியால் வென்றுவிடலாம் என்று முயல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

மாலையில் மட்டும் வரும் களைப்பு பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியது. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவர்களுக்கு இரத்தம் கால்களில் தேங்குகிறது. அதை மேலே தள்ளும் பம்பாக இருப்பது கெண்டைக்கால் தசைதான், அது சுருங்கினால்தான் பம்பு இயங்கும். கால் ஈயமாகக் கனக்கிறது என்று அவர்கள் சொல்வதில் பாதி இதனால் வருவது. வேலைக்கு நடுவே மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலை உயர்த்தி இறக்குவதும், வீடு திரும்பியதும் பத்து நிமிடம் கால்களைச் சுவரில் உயர்த்திச் சாய்த்துப் படுப்பதும் அந்தக் கனத்தைக் குறைக்கும். மற்றொரு பாதி, நண்பகலுக்குப் பிறகு எதையும் சாப்பிடாமல், போதிய தண்ணீரும் குடிக்காமல் வேலை செய்வது. கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்க்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். இது உடற்பயிற்சியால் தீரும் பிரச்சினை அல்ல, பணியிடம் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

இனி, எவ்வளவு செய்வது? உலகச் சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தையும், வாரம் இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. வேலையில் நடக்கும் இயக்கமும் அந்த 150 நிமிடத்தில் அடங்கும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. ஆகவே உழைப்பாளிகளிடம் இன்னும் நடங்கள் என்று நான் சொல்வதில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது நடை அன்று. தசைக்கு முழுப் பளு, இதயத்துக்குச் சில நிமிட வேகம், ஒரே திசையில் வளைந்து கிடந்த மூட்டுகளுக்கு எதிர்த்திசை அசைவு. இம்மூன்றுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் போதும், அதையும் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வார்டு உதவியாளருக்கு நான் எழுதிக் கொடுத்தது நான்கே பயிற்சிகள். நாற்காலியில் மெதுவாக, நான்கு எண்ணும் நேரம் எடுத்து உட்கார்ந்து எழுவது. மேசை விளிம்பைப் பிடித்துத் தண்டால். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துவது. படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி மேலே உயர்த்துவது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய உடலைக் கடைசித் துளி வரை பிழிவது புத்திசாலித்தனமாகாது. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இன்னொரு நாள், படிக்கட்டிலோ தெருவிலோ ஒரு நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் நிதானம் என்று ஐந்து சுற்று. விரைவான நிமிடத்தில் முழு வாக்கியம் பேச முடியாமல் இரண்டு மூன்று சொற்களே வர வேண்டும், நிதான நிமிடங்களில் பேச்சு திரும்பிவிட வேண்டும். வேறு கருவி எதுவும் தேவையில்லை.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மாலையில் வந்து உட்கார்ந்துவிட்டால் எழ மாட்டோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் செய்வது பலருக்கு ஒத்துவருகிறது. இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் காலை என்பது தூங்கி எழும் நேரம், அது பிற்பகல் மூன்று மணியாக இருந்தாலும் சரி. நாள் முழுக்கப் பாரம் தூக்குபவர்கள் மட்டும் வலுப்பயிற்சியை வேலை இலகுவாக உள்ள நாளுக்கும் விடுமுறைக்கும் ஒதுக்கி, கடினமான நாள்களில் அசைவுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறு நாள் விட்டதை ஏழாம் நாள் ஒரே வீச்சில் ஈடுகட்டக் கிளம்புபவர்கள் திங்கட்கிழமை என் அறைக்கு வருகிறார்கள். பயிற்சிக்கு மறுநாள் தசையில் லேசான வலி இயல்பு. மூட்டில் வலியோ வீக்கமோ, இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் தசைவலியோ இருந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அசதி மிகுந்த நாள்களுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் மட்டும் தொடங்கிப் பார்ப்பது. ஐந்தாவது நிமிடத்திலும் உடல் கனமாகவே இருந்தால் குற்றவுணர்வின்றி நிறுத்திவிடுவது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தியதும் செய்ததாகவே கணக்கு. வார்டு உதவியாளர் பத்து வாரம் கழித்து வந்தபோது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். ஒவ்வொரு தேதிக்கும் நேராக நிமிடங்களை எழுதியிருந்தார்: 15, 15, 5, வெறுமை, 15, 5, 5, வெறுமை. நோட்டு முழுவதிலும் ஐந்துகள்தான் அதிகம். குதிகால் வலி முழுவதும் போகவில்லை, காலையில் முதல் சில அடிகளில் மட்டும் இருக்கிறது என்றார். சுவரைத் தொட்டபடி மறுபடியும் ஒற்றைக் காலில் நின்றார். வலது காலில் பதினாறு, இடது காலில் பதிமூன்று. இடது காலுக்கு இன்னும் ஒரு சுற்றுக் கூட்டி எழுதிக் கொடுத்தேன்.