ஊசியைக் கண்டு மயங்குவது கோழைத்தனம் அல்ல

நான்காவது மாடிச் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்யும் கொத்தனார் அவர். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தும் இரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. கடைசியாகப் போனபோது, ஊசி ஏறுவதற்கு முன்பே நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறார். "இவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, ஊசிக்குப் போய்..." என்று அங்கே யாரோ சிரித்தது அவர் மனதில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. மனைவிதான் வற்புறுத்தி என்னிடம் அழைத்து வந்தார்.

இதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைத்தான் முதலில் அவரிடம் சொன்னேன்.

பாம்பு, உயரம், லிஃப்ட் என்று எதைக் கண்டு அஞ்சினாலும் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நிலையில் மயக்கம் வருவது அரிது. ரத்தம், ஊசி, காயம் பற்றிய அச்சம் மட்டும் வேறு வகை. முதலில் ஏறிய துடிப்பும் அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, கண் இருட்டி, ஆள் சாய்ந்துவிடுவார். இது குடும்பவழியாக வருவது அதிகம். விசாரித்தபோது, கோழி அறுக்கும் இடத்தில் அவருடைய அப்பாவும் நிற்கமாட்டார் என்று தெரிந்தது.

அந்த உடல்வாகின் மேல் அனுபவமும் சேர்ந்துகொள்கிறது. "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று குழந்தைகளை மிரட்டாத வீடு நம்மிடையே குறைவு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பிறகு, பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் ஒரு நிம்மதி கிடைக்கிறதே, அந்த நிம்மதிதான் அச்சத்துக்குத் தீனி.

"உடம்பைத் தளர்த்திக்கொள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கே மயக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கலாம். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேரெதிரான பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை 10 முதல் 15 விநாடிகள் இறுக்க வேண்டும். 20, 30 விநாடிகள் இயல்பு நிலைக்கு விட வேண்டும். இப்படி ஐந்து முறை. இறுக்கும்போது அழுத்தம் ஏறுவதால் மயக்கம் தடைபடுகிறது. உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

இந்தப் பயிற்சியோடு அச்சத்தைப் படிப்படியாக நெருங்கினோம். முதலில் ஊசியின் படம், பிறகு மேசையில் வெறும் சிரிஞ்ச், அதைக் கையில் பிடிப்பது, மனைவிக்கு ரத்தம் எடுப்பதை அருகிலிருந்து பார்ப்பது. ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு மற்ற தசைகளை இறுக்கவும் பழகினார்.

ஆறாவது வாரம் படுத்தபடி ரத்தம் கொடுத்தார். நெற்றி வியர்த்தது, மயங்கவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. அதற்கான மருந்தை அந்த வாரமே தொடங்கினார்கள்.